பணியிட ஓயாவதை: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

பணியிடத்தில் ஒருவரைத் திரும்பத் திரும்ப நோகடிக்கும் ‘புல்லியிங்’ (bullying) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பகடிவதை’ போதும் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். மலேசியாவில் அப்படி வழங்குகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்டதும் கல்லூரி ராகிங்தான் நினைவுக்கு வரும். அதற்கு 1997-இலேயே இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் நடப்பதில் பகடி எங்கே இருக்கிறது?

கோத்தகிரிப் பக்கம் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். மேற்பார்வையாளரை ஒரு பெண் எதிர்த்துப் பேசிவிட்டால், அதன்பின் செங்குத்துச் சரிவில் உள்ள தேயிலைச் செடி வரிசைதான் அவளுக்கு. எடை போடும்போது கொழுந்து ஈரம் என்று அவளுக்கு மட்டும் எடையில் கூடுதல் கழிவு. விடுப்புக் கேட்டால் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு. இவற்றில் ஒன்றைத் தனியே எழுதினால், “வேலை என்றால் இப்படித்தான்” என்று தள்ளிவிடுவார்கள். மாதக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் கொடுமை புலப்படும். ஆகவே ஓயாமை சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுவீடனின் 1993 விதிமுறையும் பிரான்சின் 2002 சட்டமும் திரும்பத் திரும்ப நிகழ்வதைத்தான் வரையறையின் மையத்தில் வைத்தன.

‘துன்புறுத்தல்’ என்று மட்டும் எழுதினால் 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தோடு குழம்பும். ‘பழிவாங்கல்’ 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த சொல். பழிவாங்கும் நோக்கில் வேலையை விட்டு நீக்குவதை அச்சட்டம் முறையற்ற செயல் என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் நீக்காமலே நாள்தோறும் நோகடிப்பதற்கு என்ன பெயர்?

குழுவின் அம்மா ஒருவர் முன்வைத்த ‘தொடர்வதை’ என்ற சொல்லில் பொருள் சரியாக அமைந்திருக்கிறது. ஆனால் எழுத்தில், ‘மழை தொடர்வதை’ என்பது போல இரண்டாம் வேற்றுமையாகப் படிக்க நேரும். எனவே ‘ஓயாவதை’ என்று முன்மொழிகிறேன். பணியிட ஓயாவதை, ஓயாவதைத் தடுப்பு விதி, ஓயாவதைக்கு உள்ளானவர் என்று தடையின்றி விரிகிறது. ‘வதை’ கொலையைக் குறிக்குமே என்பார்கள். ‘சித்திரவதை’ நிலைத்துவிட்ட பிறகு அந்தத் தயக்கம் வேண்டாம். ஒரே ஒரு முறை நடந்த அடிதடியை இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு ‘வன்முறை’ இருக்கிறது.

செய்கிறவரைக் குறிக்கத்தான் நல்ல சொல் அமையவில்லை. ‘ஓயாவதையர்’ நாவில் இடறுகிறது. ‘வதைப்பவர்’ மிகப் பொதுவாக இருக்கிறது. தோன்றுவதை எழுதுங்கள். அடுத்த மனுவில், கீழே ஒரு வரி விளக்கத்துடன், ‘ஓயாவதை’ என்றே எழுதப்போகிறேன்.