புதுப்பிப்பு: ஹார்ட் டிஸ்க் சாகவில்லை, பட்டினி கிடந்திருக்கிறது

அப்பாவின் பழைய கணினியில் சாட்டா-யூஎஸ்பி அடாப்டர் (டிஸ்க்கை யூஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் கருவி) வழியாக 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது, டிஸ்க் தெரியவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்ததில் ஒரு மாலை வீண்.

கோளாறு மின்சாரத்தில். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர்தான். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கிறது. சுங்கை சிப்புட் டவுனுக்குப் போய், தனி மின் அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி நடுவில் மாட்டினேன். டிக் டிக் நின்றது, 'உய்ங்' என்று சுழன்றது. தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள் அப்படியே இருக்கின்றன!

சரி, இப்போது நகல் ஓடுகிறது. இந்த வேகத்துக்கு விடிந்துவிடும்.