கலைச்சொல் உதவி: ஃபெயிலியர் மோட் (திங்கள் காலைக்குள்)

கோவை ஆசிரியை | வெள்ளி மாலை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி டிப்ளமோ மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு எஃப்எம்இஏ பற்றி, அதாவது ஒரு பொருள் எப்படியெல்லாம் கெடலாம், ஏன், விளைவு என்ன என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு ஆராயும் முறை பற்றி, கையேடு எழுதுகிறேன். திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

கிணற்று மோனோபிளாக் பம்ப்தான் எடுத்துக்காட்டு. வடிவமைப்பில் எதையெல்லாம் பார்க்கணும் என்று வகுப்பில் கேட்டேன். பலகை நிறைந்துவிட்டது: இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) விட்டம், உறிஞ்சு உயரம், லோ வோல்டேஜ், மணல், ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு), சீல், சத்தம், "மோட்டார் எரிஞ்சு போறது". எல்லாம் ஒரே குவியல். இதை முதலில் பி-டயகிராம் (பாராமீட்டர் டயகிராம்) என்ற படத்தில் பிரிக்கிறோம். உள்ளே போவது, வெளியே வர வேண்டியது, நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது, வரக் கூடாதது என ஐந்து கூறு. பிறகுதான் அட்டவணை. கையில் இல்லாத மணலும் லோ வோல்டேஜும் காரணப் பத்திக்குப் போகும். கையில் இருக்கும் விட்டமும் சீலும் தடுப்புப் பத்திக்கு. வரக் கூடாதவை ஃபெயிலியர் மோட், அதாவது எப்படிக் கெடுகிறது என்ற பத்திக்கு.

அந்தப் பத்திக்குத் தலைப்புதான் கிடைக்கவில்லை. இணையத்தில் "தோல்வி முறை" என்று இருக்கிறது. அதைப் பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து, "மேடம், பம்ப் எந்தத் தொகுதியில நின்னுச்சு?"

குடந்தைப் புலவர் | வெள்ளி இரவு

அம்மா, பையன் கேட்டது நியாயம். தோல்வி போருக்கும் தேர்தலுக்கும் உரியது. உங்கள் அட்டவணையை வள்ளுவர் ஒன்றே முக்கால் அடியில் போட்டுவிட்டார்: "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்." நோய் உங்கள் நடுப்பத்தி, நோய்முதல் காரணப்பத்தி, தணிக்கும் வாய் தடுப்புப்பத்தி. இங்கே வாய் என்றால் வழி. கெடுகிற வழி "கெடுவாய்". வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். கெட்டது, கெடுவது, கெடப்போவது எல்லாம் அடக்கம்.

ஓசூர்க்காரன் | வெள்ளி இரவு

> கெடுவாய்

ஐயா, ஷாப் ஃப்ளோர்ல போய் ஒரு ஆபரேட்டர் மூஞ்சியைப் பார்த்து இதைச் சொல்லிப் பாருங்க. சாபம் விட்டதா நினைச்சு யூனியன் ஆபீசுக்குப் போயிடுவான். நாங்க லைன்ல ஃபெயிலியர் மோடுன்னுதான் சொல்றோம், ஆடிட்டர்கிட்டயும் அதேதான். டீச்சரம்மா, தமிழ் எழுத்துல அப்படியே போட்டுடுங்க. பசங்க நாளைக்கு வேலைக்கு வரும்போது முழிக்க மாட்டாங்க.

கடலூர் மொழிபெயர்ப்பாளர் | சனி காலை

அப்படியே போடுவதற்குக் கையேடு எதற்கு? சீனியர் நோட்ஸே போதுமே. என் வாக்கு "செயலிழப்பு வகை"க்கு. படித்ததும் புரியும், யாரும் அடிக்க வர மாட்டார்கள்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் பிரெயின்ஸ்டார்மிங்குக்குத் தயவுசெய்து "மூளைப்புயல்" என்று போடாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நான் இந்த ஊரில் இருந்தேன். பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயின. புயலிலிருந்து நல்ல யோசனை வரும் என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

குடந்தைப் புலவர் | சனி காலை

அதற்கு "உசாவல்" இருக்கிறதே! கூடி ஆராய்ந்து வினவுவது. உசாத்துணை என்பதில் அரைகுறையாக உயிரோடு இருக்கிறது. உசா, உசாவு, வினாவு...

மட்டுறுத்துநர் | சனி காலை

ஐயா, உசாவலுக்குத் தனி இழை தொடங்குங்கள். அம்மாவுக்குத் திங்கள் கெடு.

யாழ்ப்பாணத்து வாத்தி | சனி மதியம்

எங்கட பக்கத்தில் இவ்வளவு கஷ்டம் இல்லை. நீங்கள் சுழிப்பிழை (ஜீரோ எரர்) என்று சொல்லுறதை நாங்கள் பூச்சிய வழு என்றுதான் படிப்பிக்கிறம். வழு என்ற சொல் பள்ளிக்கூடத்திலேயே பழகினது. கணினிக்காரரும் இப்ப நிரல் வழு என்றுதான் எழுதினம். ஆகவே "வழுவகை". பலகையில் எழுதின அந்தப் பட்டியலுக்கு, பாராமீட்டருக்கு, நாங்கள் பரமானங்கள் என்போம், உங்கட கணக்குப் புத்தகத்தில் துணையலகு, இணையத்தில் அளபுரு. ஒரு சொல்லுக்கு மூன்று வீடு. வழுவிலாவது ஒன்றாய் நிற்பமே.

குடந்தைப் புலவர் | சனி மாலை

வாத்தியார் வாயில் சர்க்கரை போட வேண்டும். கெடுவாயை நானே திரும்பப் பெறுகிறேன்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செய்திருப்பது என்ன? ஒரு சொற்றொடர் எந்தெந்த வகையில் கெடலாம் என்ற பட்டியல்தான். "அவன் வந்தது" திணை வழு. "அவன் வந்தாள்" பால் வழு. "நான் வந்தான்" இட வழு. "நாளை வந்தான்" கால வழு. இவற்றோடு செப்பு, வினா, மரபு சேர்த்து ஏழு. காரணம் வேறு, விளைவு வேறு, வகை வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் அன்றே இருந்தது. அதற்கு மேலே வழுவமைதி. பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுதான், ஆனால் உவப்பினால் சொல்வதால் ஏற்கிறோம். தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் கேட்டுக்கு உங்கள் அட்டவணையில் இடம் உண்டா? உண்டென்றால் அதன் பெயர் வழுவமைதி.

கடலூர் மொழிபெயர்ப்பாளர் | சனி மாலை

ஐயா, பசு பம்புக்குப் பக்கத்தில் நின்றாலும் அது வேறு பாடம்.

ஓசூர்க்காரன் | சனி இரவு

சொல்லை விடுங்க, பத்தியில என்ன எழுதப் போறீங்கன்னு முதல்ல பாப்போம். டீச்சரம்மா, அந்தப் பலகைப் பட்டியல்ல "மோட்டார் எரிஞ்சு போறது" எங்க போகும்? பம்புக்கு எஃப்எம்இஏ போட்டா, மோட்னா "தண்ணி வரல". காயில் எரிஞ்சது அதுக்குக் காரணம். மோட்டார் செய்யறவன் போட்டா, காயில் எரிஞ்சதே அவனுக்கு மோட். ஒரு படி கீழ இறங்கினா காரணம் மோட் ஆயிடும், ஒரு படி மேல ஏறினா மோட் காரணம் ஆயிடும். எந்தப் படியில நிக்கிறோம்னு முதல் பக்கத்துலயே எழுத வைங்க. எங்ககிட்ட வர்ற டிரெய்னீ பசங்க பாதிப் பேர் இங்கதான் சறுக்குறாங்க.

இன்னொன்னு. காரணப் பத்தியில "மணல்"னு மட்டும் எழுத விடாதீங்க. கிணத்துல மணல் இருக்கத்தான் செய்யும். மணல் வரும்னு தெரிஞ்சும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) துளையைப் பெருசா விட்டோம், அது ஃபுட் வால்வுல சிக்கி வால்வு மூடல, பிரைமிங், அதாவது பம்புல நிறைச்சு வச்ச தண்ணி, இறங்கிடுச்சு. அதுதான் டிசைனோட காரணம். மணல்னு மட்டும் எழுதிட்டா தடுப்புப் பத்தியில கிணத்துக்காரனைத் திட்டறதைத் தவிர ஒண்ணும் எழுத முடியாது.

கோவை ஆசிரியை | சனி இரவு

இது ரொம்பப் பயன்படும், சார். அந்த வரியை அப்படியே மாற்றிவிட்டேன். ஆனால் தலைப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. செயலிழப்பு வகை என்றே வைத்துவிடவா?

குடந்தைப் புலவர் | ஞாயிறு காலை

வேண்டாம் அம்மா. வழு மோகத்தில் நேற்று ஒரு குறளைத் தவறவிட்டுவிட்டேன். "செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்." செய்யக் கூடாததைச் செய்தாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கேடு. செயலிழப்பு இரண்டாவதை மட்டும்தானே சொல்கிறது? முதல் பாதி எங்கே?

ஓசூர்க்காரன் | ஞாயிறு காலை

ஐயா, கும்பிட்டுக்கிறேன். கிண்டல் இல்ல, நிஜமாவே.

பம்ப் நல்லா ஓடுது, தண்ணியும் கொட்டுது, ஆனா பாடியில கை வச்சா ஷாக். இதுல எந்தச் செயலை இழந்துச்சு? சுவிட்சை ஆஃப் பண்ணதும் பைப்புல நிக்கிற தண்ணி திரும்ப இறங்கி இம்பெல்லரைத் தலைகீழாச் சுத்துது. அதுவும் இழப்பு இல்ல, வேண்டாத செயல். நாங்க வச்சிருக்கிற 2019 ஏஐஏஜி-விடிஏ (அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகள்) எஃப்எம்இஏ கையேடும் இப்படித்தான் பிரிக்குது: செய்யவே இல்ல, குறைவாச் செய்யுது, விட்டு விட்டுச் செய்யுது, தாமதமாச் செய்யுது, அளவுக்கு மேல செய்யுது, சொல்லாததைச் செய்யுது. செயலிழப்புன்னு தலைப்பு வச்சா, பசங்க ஷாக்கை அந்தப் பத்தியிலேயே எழுத மாட்டாங்க. ஆளைக் கொல்றது அதுதான்.

இதனாலதான் பழைய பெருக்கல் கணக்கும் போச்சு. கடுமை, நிகழ்வு, கண்டறிவு மூணுக்கும் பத்துக்குள்ள மார்க் போட்டுப் பெருக்குவோம். ஷாக்குக்கு 10, 2, 4 போட்டா 80. வெறும் சத்தத்துக்கு 4, 6, 5 போட்டா 120. எண்ணை மட்டும் பார்க்கிறவன் சத்தத்தைத்தான் முதல்ல சரி பண்ணுவான். அந்தக் கையேட்டுல பெருக்கலை எடுத்துட்டு, எதை முதல்ல கவனிக்கணும்னு உயர்வு, நடு, தாழ்வுன்னு அட்டவணையில பாக்கச் சொல்லிட்டாங்க.

கடலூர் மொழிபெயர்ப்பாளர் | ஞாயிறு மதியம்

சரி, செயலிழப்பை விட்டுக்கொடுக்கிறேன். அப்படியானால் "பழுதுவகை". பழுதுபார்க்கும் கடை இல்லாத தெரு இல்லை.

யாழ்ப்பாணத்து வாத்தி | ஞாயிறு மதியம்

பழுது என்றால் உடைஞ்ச சாமான்தான் ஞாபகம் வரும். "தண்ணி குறைய வருது" என்பதைப் பழுது என்று பொடியன் எழுதுவானோ? வழுவகைதான் என்ர வாக்கு.

குடந்தைப் புலவர் | ஞாயிறு மாலை

கேடு என்ற சொல்தான் இரண்டு பாதியையும் தாங்கும். "கேட்டுவகை" என்றால் யாரையோ கேட்டு வந்தது போல ஒலிக்கிறது. ஆகவே "கெடுவகை". பழுது என்பதன் வேர் பழு. பழுத்தல், முதிர்தல், முதிர்ந்து கெடுதல். புதுப் பம்ப் முதல் நாளே ஷாக் அடித்தால் அது எங்கே பழுத்தது?

மட்டுறுத்துநர் | ஞாயிறு இரவு

எண்ணிவிட்டேன். பழுதுவகை 5, கெடுவகை 2, வழுவகை 2, அப்படியே எழுதலாம் 1. உசாவலுக்கு விழுந்த ஒரு வாக்கு செல்லாது.

கோவை ஆசிரியை | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் நன்றி. பழுதுவகை என்று தலைப்பு வைத்து, அடியில் ஃபெயிலியர் மோட் என்று தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாத்தியார் சொன்ன ஐயத்துக்காக, உடைந்தால்தான் பழுது என்பதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். புலவர் ஐயாவின் குறளைப் பத்திக்கு மேலேயே போட்டு, கீழே இரண்டு கேள்வி: செய்ய வேண்டியது எது நடக்கவில்லை? செய்யக் கூடாதது எது நடந்தது? ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேரிடம் இன்று மாலை கொடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே "பாடியில் ஷாக்" என்று எழுதினார்கள்.

குடந்தைப் புலவர் | திங்கள் காலை

மகிழ்ச்சி அம்மா. "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே", காலத்தால் வழக்கில் வந்துவிட்ட சொல்லை விலக்குவதில்லை என்கிறார் தொல்காப்பியர். அதனால் பழுதுவகையை நான் தடுக்கவில்லை. ஆனால் காலம் இன்னும் படவில்லை, இரண்டாம் பதிப்பில் கெடுவகையைப் பரிசீலியுங்கள். பிறகு, கடைசிப் பத்திக்குக் "கண்டறிதல்" என்று வைத்திருப்பதாகத் தெரிகிறது. காண்பது வேறு, அறிவது வேறு. இரண்டில் எதற்கு மார்க் போடுகிறீர்கள்?

ஓசூர்க்காரன் | திங்கள் காலை

ஐயா, மணி பதினொண்ணு. ஃபைல் போயாச்சு.