வலசு வீடு குழு: கதிரின் பட்டியில் கயோட்டி

ஏப்ரல், சனிக்கிழமை

கதிர் 7:14
[படம்]
குழந்தைகள் கையில் போன் இருந்தால் இந்தப் படத்தைத் திறக்க வேண்டாம். ராத்திரி இன்னொரு குட்டி போய்விட்டது. போன வாரம் ஒரு பெட்டை, இப்போது அந்த வெள்ளைக் கிடாக்குட்டி.

மாலதி 7:20
ஐயோ. பிள்ளைகள் புட்டியில் பால் கொடுத்த குட்டியா?

கதிர் 7:21
அதேதான் அக்கா. அவர்களிடம் இப்போது சொல்லாதே.

சித்தப்பா 7:26
நாயாக இருக்கும் கதிர். இங்கே வெள்ளகோவில், மூலனூர் பக்கமெல்லாம் தெருநாய்தான் பட்டிக்குள் இறங்கிக் கடித்துப் போடுகிறது. அமெரிக்காவிலும் நாய் நாய்தானே.

கதிர் 7:28
இங்கே கயோட்டி சித்தப்பா. நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ராத்திரி ஓடைப் பக்கம் ஊளை கேட்டது.

பிரவீன் 7:35
அண்ணா, ஊளை கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெக்சஸில் எங்கே நின்றாலும் கயோட்டி ஊளை கேட்கும். குட்டியைப் புதைத்துவிட்டீர்களா?

கதிர் 7:36
இல்லை, கொட்டகையில் கிடக்கிறது.

பிரவீன் 7:38
கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்பக்கம். கயோட்டி தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். நாய் பெரும்பாலும் துரத்தித் துரத்திப் பின்னங்கால், தொடை, காது என்று கிடைத்த இடத்தில் கடிக்கும்.

சித்தப்பா 7:40
அது உண்மை. இங்கே பத்து ஆட்டைக் கடித்தால் ஒன்றைக்கூடத் தின்னாது. காலை வரை துடித்துக்கொண்டு கிடக்கும்.

மாலதி 7:41
காபி குடித்துக்கொண்டு இதைப் படிக்கிறேன்.

கதிர் 8:05
பார்த்துவிட்டேன். தொண்டையில் இரண்டு பக்கமும் பல் இறங்கிய துளை. வெளியே மயிருக்குள் ஒன்றுமே தெரியவில்லை. தோலை விலக்கினால் உள்ளே ரத்தம் கட்டிக் கருத்திருக்கிறது. விலாவுக்குப் பின்னால் கிழித்துக் குடலும் பால் இருந்த வயிறும் தின்றிருக்கிறது.

பிரவீன் 8:09
அப்படியானால் உயிரோடு இருக்கும்போதே கடித்தது. தானாகச் செத்ததைத் தின்றிருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டாது. கயோட்டிதான். எந்த வழியாக உள்ளே வந்தது?

கதிர் 8:31
ஓடை நம் வேலியைத் தாண்டும் இடம். போன மழையில் மண் அரித்து, கம்பி வலைக்கு அடியில் ஒரு மூங்கில் கூடை நுழையும் அளவுக்குச் சந்து. கீழ்க்கம்பியில் பழுப்பு மயிர் சிக்கியிருக்கிறது. ஈரமண்ணில் கால்தடம். நீளவாக்கில், ஒடுக்கமாக, நடுவிரல் நகம் இரண்டும் ஒட்டினாற்போல. நாய்த்தடம் அகலமாக விரிந்திருக்கும்.

பாலு 8:40
மாப்பிள்ளை, முதலில் வேலிக்கு அடியில் இருக்கும் அந்தச் சந்தை அடைத்துவிடுங்கள். கூண்டு வைத்துப் பிடித்து வேறு எங்காவது கொண்டுபோய் விட முடியாதா?

பிரவீன் 8:44
மாமா, டெக்சஸில் உயிரோடு இருக்கும் கயோட்டியை இடம் மாற்றக் கூடாது. 1988இல் தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவியது. அதனால்தான் 1995இலிருந்து மாநிலம் முழுக்க அந்தத் தடை. அதே வருடம் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா 8:47
குருணை மருந்தைக் கறியில் வைத்துப் போட்டால் ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும்.

கதிர் 8:49
சித்தப்பா, அந்தப் பேச்சே வேண்டாம், இங்கே ஜெயில். கழுகு, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் சாகும்.

பிரவீன் 8:52
அப்பா, இங்கேயும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார்கள். 1972இல் அதிபர் நிக்சன் ஆட்சியில்தான் கால்நடையை அடிக்கும் விலங்குகளுக்கு விஷம் வைப்பதை நிறுத்தினார்கள். பிறகு ஒன்றிரண்டு வகையை மட்டும் கட்டுப்பாட்டோடு அனுமதித்தார்கள். நாம் கடையில் வாங்கி வைக்கிற விஷயம் இல்லை.

கதிர் 9:10
பக்கத்துப் பண்ணைத் தாத்தா வந்திருந்தார். நாளை விடியற்காலை கூப்பிட்டுச் சுடலாம் என்கிறார்.

மாலதி 9:11
யாரைக் கூப்பிட்டு?

கதிர் 9:12
கயோட்டியை அக்கா. முயல் கதறுவது போலவோ கயோட்டிக் குட்டி அழுவது போலவோ சத்தம் எழுப்பினால் அது தேடிக்கொண்டு வரும். வாயில் வைத்து ஊதும் குழல் உண்டு, ரிமோட்டில் இயங்கும் ஸ்பீக்கரும் உண்டு. எங்கள் பக்கம் மார்பிள் ஃபால்ஸில் பர்ன்ஹாம் சகோதரர்கள் என்று இருவர் இந்தக் குழலைச் செய்து அமெரிக்கா முழுக்கத் தபாலில் விற்றார்களாம். தாத்தாவிடம் இருப்பது அவர்களுடைய மரக்குழல். பல் பதிந்து வாய்ப்பக்கம் தேய்ந்திருக்கிறது.

பாலு 9:15
லைசென்ஸ்?

கதிர் 9:18
சொந்த நிலத்தில் கால்நடையைத் தாக்கிய, தாக்க வருகிற கயோட்டியைச் சுட டெக்சஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. நிலத்துக்காரர் சார்பாக வருகிறவருக்கும் அதே விலக்கு. ஆனால் குண்டு நம் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வழக்கு.

சித்தப்பா 9:20
பிரவீன், நீ அங்கே போய்த் துப்பாக்கியைத் தொடாதே.

பிரவீன் 9:22
நான் லப்பக் நகரில் உட்கார்ந்திருக்கிறேன் அப்பா. அப்படியே போனாலும் எனக்கு மாணவர் விசா. வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் மத்திய சட்டப்படி குற்றம். எச்1பி வேலை விசா ஆட்களுக்கும் அதேதான். அண்ணனுக்கு கிரீன் கார்டு இருப்பதால் பிரச்சினை இல்லை. நம் ஆட்கள் பலர் இது தெரியாமலே நண்பர் பண்ணைக்குப் போய்த் துப்பாக்கியோடு படம் எடுத்துப் போடுகிறார்கள்.

பாலு 9:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலதி 9:24
ஹாஹா. பார்த்துவிட்டோம்.

அம்மா 9:40
[குரல் பதிவு 0:52]

மாலதி 9:43
வேலையில் இருப்பவர்களுக்காக: அம்மா சொல்வது, வாயில்லா ஜீவனைப் பொய்ச்சத்தம் போட்டு வரவழைத்துச் சுடுவது பாவம் இல்லையா, நாய் வளர்த்தால் போதாதா என்று. கூடவே கதிர் ராத்திரியில் தனியாகப் போகக் கூடாது, காலில் பூட்ஸ் போடணும்.

கதிர் 9:50
நாய் வாங்கத்தான் போகிறேன் அம்மா. கிரேட் பிரனீஸ் குட்டி. ஆனால் அது ஆட்டோடு ஆடாக வளர்ந்து காவலுக்குத் தேற ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். இப்போது பட்டியில் இருபது குட்டிகள் நிற்கின்றன.

பிரவீன் 10:02
அண்ணா, சுடுவதென்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நான்கு நண்பர்களைக் கூட்டிவந்து பண்ணை முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் சுடாதீர்கள். ஆட்டைக் கொல்வது எல்லாக் கயோட்டியும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஹாப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்தார்கள். அந்த இடத்தைத் தன் எல்லையாக வைத்துக் குட்டி போடும் ஜோடிதான் ஆட்டுக்குட்டிகளை அடித்தது. அந்த ஜோடியை எடுத்தபோதுதான் இழப்பு குறைந்தது.

பிரவீன் 10:04
ஆட்டைத் தொடாத ஜோடி உங்கள் ஓடையில் இருந்தால் அதைக் கொன்றுவிடாதீர்கள். அது இருக்கும்வரை வேற்றுக் கயோட்டியை உள்ளே விடாது.

சித்தப்பா 10:06
எது ஆடு தின்றது என்று அதனிடமே கேட்பதா?

பிரவீன் 10:09
கேட்க முடியாது, ஆனால் அழைக்கலாம். ஏப்ரலில் பொந்தில் குட்டி இருக்கும். முயல் சத்தத்துக்கு ஊர்சுற்றும் இளவட்டம் எல்லாம் வரும். அந்நிய ஊளைக்கும் குட்டி அழுகைக்கும் இடத்துக்குச் சொந்தக்கார ஜோடிதான் முதலில் ஓடிவரும். அதுவும் குட்டி செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழைத்தால், வருவது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

கதிர் 10:15
தாத்தாவும் குட்டி சத்தம்தான் என்றார். ஆனால் அவருடைய கொள்கை வேறு: எது வந்தாலும் சுடு.

பிரவீன் 10:17
அவர் தலைமுறை அப்படி. ஃபிரெட் நோல்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1972லேயே தெற்கு டெக்சஸை வைத்து எழுதினார். அதிகமாகக் கொன்ற இடங்களில் மிச்சமிருக்கும் பெட்டைகள் ஒரே ஈற்றில் கூடுதலாகக் குட்டி போடுகின்றன. நூறு வருடமாகச் சுட்டும் கயோட்டி குறையவில்லை, நியூயார்க் வரைக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை

மாலதி 8:30
கதிர்? போனும் எடுக்கவில்லை.

கதிர் 9:45
சைலண்டில் இருந்தது. எல்லாரும் நலம். ஆண் கயோட்டி ஒன்று விழுந்தது.

சித்தப்பா 9:46
சபாஷ். விவரமாகச் சொல்.

கதிர் 10:10
வண்டியை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தோம். வண்டிக் கதவை அறைந்து சாத்தக்கூடத் தாத்தா விடவில்லை. தெற்குக் காற்று. ஓடைக்கு வடக்கே, அந்தச் சந்து தெரிகிற மாதிரி, ஒரு சீடர் மரத்தில் முதுகைச் சாய்த்து நிழலுக்குள் உட்கார்ந்தோம். ஸ்பீக்கர் எங்களுக்கு முன்னால் நாற்பது கஜத்தில், ஒரு கள்ளிப்புதர் ஓரம். என்னை ஓடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் எனக்கு முதுகு காட்டி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கயோட்டி நேராக வராதாம். சுற்றிக்கொண்டு, காற்று போகிற பக்கம் வந்து மோப்பம் பிடித்துப் பார்க்குமாம்.

முதலில் ஒற்றை ஊளை. பிறகு ஐந்தாறு நிமிடம் ஒன்றுமே இல்லை. கொசு என் இமைமேல் உட்கார்ந்தது. கையைத் தூக்கப் போனேன், தாத்தா முழங்காலால் இடித்தார். அப்புறம் குட்டி அழுகை. கைக்குழந்தைக்கு ஊசி போட்டால் வீரிடுமே, அப்படி. எனக்கே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

ஓடைக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம். ஊளை இல்லை. விட்டுவிட்டு, கோபமாக. அது பெட்டை என்றார் தாத்தா. அது வெளியே வரவே இல்லை. ஆண்தான் வந்தது. என் இடப்பக்கம் கள்ளிகளுக்கு நடுவே ஏதோ பழுப்பாக ஓடியது, கண்ணை நகர்த்துவதற்குள் மறைந்தது. அடுத்துப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால், தாத்தா காத்திருந்த அதே வெட்டவெளியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாதி ஓட்டத்தில் போகிறது. தாத்தா வாயாலேயே 'வஃப்' என்று ஒரு சத்தம் கொடுத்தார். நின்று திரும்பியது. .223 ரைஃபிள், ஒரே குண்டு. அதற்குப் பின்னால் மேட்டுச் சரிவு. மண் எகிறியதைக்கூடப் பார்த்தேன்.

பாலு 10:14
எவ்வளவு தூரம்?

கதிர் 10:15
எண்பது கஜம் இருக்கும். கிடக்கும்போதுதான் தெரிகிறது, பெரிய மிருகமே இல்லை. பதினைந்து கிலோகூட வராது.

பிரவீன் 10:20
வயிற்றைத் திறந்தீர்களா?

கதிர் 10:22
திறந்தோம். எலி, புல், கூடவே ஒரு சுருள் வெள்ளை மயிர்.

பிரவீன் 10:23
சரி. அப்போது அதேதான்.

அம்மா 10:40
[குரல் பதிவு 1:15]

மாலதி 10:44
அம்மா: குட்டி அழுகிறது என்று ஓடிவந்த தகப்பனைச் சுட்டுவிட்டீர்களே. இனி அந்தத் தாய்க்கும் பொந்தில் இருக்கிற குட்டிகளுக்கும் யார் தீனி கொண்டுவந்து தருவார்கள்?

சித்தப்பா 10:46
அண்ணி, நம் குட்டிக்கும் தாய் இருந்தது. ரெண்டு நாளாக மடி கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும்.

கதிர் 10:48
கத்திக்கொண்டுதான் இருக்கிறது. பால் பீய்ச்சிவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

பிரவீன் 11:02
பெரியம்மா கேட்டதில் விஷயம் இருக்கிறது. பொந்தில் குட்டிக்குத் தீனி வேண்டும் என்பதால்தான் அந்த ஜோடி ஆட்டில் கை வைக்கிறது. யூட்டாவில் இதற்காகவே சில ஜோடிகளைப் பிடித்துக் கருத்தடை செய்து விட்டார்கள். எல்லையை விடாமல் காத்தன, ஆனால் ஆட்டுக்குட்டிகளை அடிப்பது வெகுவாகக் குறைந்தது.

அம்மா 11:05
அதைச் செய்யலாமே

மாலதி 11:05
அம்மா டைப் செய்திருக்கிறார்!!

பிரவீன் 11:08
ஒவ்வொன்றையும் பிடித்து மயக்கி ஆபரேஷன் செய்யணும் பெரியம்மா. அண்ணன் ஆட்டை விற்றால் ஒரு கயோட்டிக்குக்கூடச் செலவு கட்டாது.

கதிர் 11:30
தாத்தா நாளைக்கும் வருகிறேன், பெட்டையையும் முடித்துவிடலாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

சித்தப்பா 11:32
அது தப்பு கதிர். பாதி வேலை.

பிரவீன் 11:36
நாளைக்கே அழைத்தாலும் வராது அப்பா. சத்தமும் கேட்டது, வெடியும் கேட்டது. திரும்பத் திரும்ப அதே ஸ்பீக்கரைப் போட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடப் பழகிவிடும். பிறகு உண்மையாகவே வேண்டியபோது அழைக்க முடியாது.

கதிர் 11:41
என் கணக்கு இதுதான் சித்தப்பா. இன்று வேலிக்கு அடியில் இருக்கும் சந்தை அடைக்கிறேன். தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒரு மின்கம்பி. குட்டிகள் பெரிதாகும்வரை ராத்திரி எல்லாமே வீட்டுப் பக்கம் பட்டியில். அதற்கு மேலும் ஒரு குட்டி செத்தால் தாத்தாவை நானே போய்க் கூப்பிடுகிறேன்.

சித்தப்பா 11:45
பட்டி அடைப்பதை முதலிலேயே செய்திருக்கலாம். நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு இருந்தும் ராத்திரி வெளியே விடமாட்டோம்.

வியாழக்கிழமை

மாலதி 18:20
என்ன ஆச்சு? ஒரு செய்தியும் இல்லை.

கதிர் 18:34
குட்டி எதுவும் போகவில்லை. ஓடை மண்ணில் புதுத்தடம் இருக்கிறது, சந்து வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறது. கம்பி சுட்டிருக்கும். சனிக்கிழமை லாம்பசாஸில் ஒரு கழுதை பார்க்கப் போகிறேன்.

சித்தப்பா 18:36
கழுதையா?? எதற்கு?

பிரவீன் 18:40
காவலுக்கு அப்பா. கழுதைக்கு நாய் இனத்தையே கண்டால் ஆகாது. துரத்தி உதைக்கும், கடிக்கும். இங்கே நிறைய ஆட்டுப் பண்ணையில் உண்டு. அண்ணா, பெட்டைக் கழுதையாகப் பாருங்கள். காயடிக்காத ஆண் கழுதை ஆட்டுக்குட்டிகளையே மிதித்துவிடும். ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டு இருந்தால் அவை தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு ஆட்டைத் திரும்பிப் பார்க்காது.

சித்தப்பா 18:43
என்ன விலை சொல்கிறான்? கழுதைப்பால் இங்கே லிட்டர் ஆயிரக்கணக்கில் போகிறது.

மாலதி 18:44
சித்தப்பா!

கதிர் 18:47
மாமா, உங்கள் டிரெய்லர் சனிக்கிழமை காலி தானே?

பாலு 18:52
காலிதான். ஒரு டயர் தேய்ந்திருக்கிறது, நாளை மாற்றிவிடுகிறேன். பிள்ளைகளும் வருவார்கள், கழுதைக்கு ஏற்கெனவே பெயர் யோசித்தாகிவிட்டது.