காறல்மான் கொடியில் பிரெஞ்சு ராஜ முழக்கம்: எங்கே எழுதணும்?

பாறசாலைக்காரன்:
பங்குத் திருவிழாவுக்குச் சவிட்டு நாடகம் (பலகை மேடையில் காலால் மிதித்து ஆடும் கேரளக் கிறிஸ்தவ நாடகம்), காறல்மான் (சார்லமேன் பேரரசர்) கதை. நீலத் துணியில் பிரெஞ்சு அரச சின்னமான மூணு தங்க லில்லி வரைந்து, அடியில் "மோன்ழுவா சேன் துனி" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அர்த்தம் என்ன, இடம் சரிதானா? கடைசி வரிசை 60 அடி தள்ளி.

கொடிச்சீலை:
தம்பி, அது போர்முழக்கம். பிரெஞ்சு சேனை புனித தெனிஸை ("சேன் துனி" அவர்தான்) துணைக்குக் கூப்பிடுகிற குரல். பாரிசுக்கு வடக்கே அவர் பெயரிலுள்ள மடத்தில்தான் ராஜாக்களின் கல்லறைகள். அரச சின்னத்தில் இந்த முழக்கத்துக்கு இடம் உச்சி. கேடயத்துக்கும் கிரீடத்துக்கும் மேலே ஓடும் நாடாவில் வரும். அடியில் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

ஆனால் காறல்மானுக்கு லில்லியே பொருந்தாது. சார்லமேன் இறந்தது 814-இல். கேடயச் சின்னங்கள் வந்ததே 12-ஆம் நூற்றாண்டில். நீலத்தில் லில்லிகளை மூன்றாகக் குறைத்தது 14-ஆம் நூற்றாண்டில், ஐந்தாம் சார்லஸ் காலத்தில். அவர் கதை வரும் பழைய பிரெஞ்சு ரோலண்ட் காவியத்தில் அவர் வீரர்கள் கத்துவது "மோன்ழுவா" மட்டும், முழக்கத்தில் தெனிஸ் பெயர் கிடையாது. எழுத்தே இல்லாத சிவப்புக் கொடி கொடுங்கள். முழக்கத்தைப் பின்பாட்டுக்காரர்கள் போடட்டும். கலாசம் (ஆட்ட அடவு) முடிந்து செண்டை நின்ற பிறகு போடணும், இல்லாவிட்டால் மேடைப் பலகையை மிதிக்கிற சத்தத்தில் அமுங்கிப் போகும்.

லில்லிக்காசு:
கமிட்டி லில்லிதான் வேணும் என்றால்: மேலே இரண்டு, கீழே ஒன்று. எழுத்து 3 அங்குலத்துக்குக் குறைந்தால் 60 அடியில் தெரியாது. மஞ்சள் விளக்கில் கருநீலம் கறுப்பாகிவிடும், ஒரு படி வெளுத்த நீலம் எடுங்கள். பூவின் வடிவத்துக்குப் பழைய பாண்டிச்சேரி செப்புத் துட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் லில்லி, மறுபக்கம் தமிழில் "புதுச்சேரி".

அடியில் வாசகம் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒன்று உண்டு: "லிலியா நோன் லபோரான்ட் நேக்வே நென்ட்". மத்தேயு 6:28, "அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை." நூற்பது பெண்கள் வேலை, லில்லி நூற்காது என்றால் பிரெஞ்சு முடி பெண்வழிக்குப் போகாது என்று சட்டம் பேசினார்கள். வேதவசனத்தை இப்படி வளைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, திருவிழா மேடைக்கு வேண்டாம்.

பாறசாலைக்காரன்:
சிவப்பே தைக்கிறோம். வால் எவ்வளவு விடணும்?

கொடிச்சீலை:
6 அடி நீளக் கொடிக்கு 2 அடி போதும், மூன்றாகப் பிளந்து விடுங்கள். அதற்கு மேல் போனால் சவிட்டும்போது பக்கத்து ஈட்டியில் சுற்றிக்கொள்ளும். பிளவு தொடங்குகிற இடத்தில் இரட்டைத் தையல் போடுங்கள், முதலில் கிழிவது அங்கேதான்.