இரவுப் பணிச் செவிலியருக்குப் புரோபயாட்டிக் கேப்சூல்: மன அழுத்தம் இதனால் குறையுமா?

அல்லி (விவாதத்தைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அனைவருக்கும் அடுத்த மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் ஒரு புரோபயாட்டிக் கேப்சூல் (உடலுக்கு நன்மை தருவதாகக் கருதப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கியது) வழங்கப்படும் என்றும், பணிச்சுமையால் வரும் மன அழுத்தத்தையும் சோர்வையும் அது குறைக்கும் என்றும் எங்கள் நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டுமாம். இதை நான் எதிர்க்கிறேன்.

எங்களைப் போன்றவர்களிடமே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் நியூசிலாந்துச் செவிலியர்களில் ஒரு பகுதியினருக்கு லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் எச்.என்.001 என்ற நுண்ணுயிரும், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுக் கேப்சூலும் கொடுக்கப்பட்டன. உணர்ந்த மன அழுத்தத்திலும், நோய்வாய்ப்பட்ட நாள்களின் எண்ணிக்கையிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவினருக்குமே அழுத்தம் குறைந்தது. அந்நாடு தொற்றைச் சமூகத்திலிருந்தே அகற்றியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். செவிலியரின் சுமை வெளியே குறைந்தபோதுதான் அழுத்தமும் குறைந்திருக்கிறது. அப்படியிருக்க, ஒரே இரவில் இருவரின் வேலையை ஒருவர் செய்யும் எங்கள் பிரிவில், ஆள் சேர்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கேப்சூலை மட்டும் நீட்டுவது எந்த வகையில் நியாயம்?

மூன்றாம்பிறை:

சகோதரி, உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. நான் மருந்தாளுநர், இந்தக் கேப்சூல்களை நாள்தோறும் கையாளுபவன். ஆனால் நீங்கள் சுட்டிய ஆய்வையே சற்று ஊன்றிப் படியுங்கள். எல்லோருடைய அழுத்தமும் புறச்சூழலால் இறங்கிக்கொண்டிருந்தபோது நுண்ணுயிரின் தனிப் பங்கைப் பிரித்துக் காண்பது கடினமாகிவிட்டது என்றுதான் அவர்கள் கூறுகிறார்கள். பயன் இல்லை என்று நிறுவுவது வேறு, பயனைக் காண முடியாமல் போவது வேறு.

இதே எச்.என்.001 நுண்ணுயிரை நியூசிலாந்திலேயே 423 கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், அதை உட்கொண்ட தாய்மார்களிடம் பேறுகாலத்திற்குப் பிந்தைய மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் குறைவாகவே இருந்தன. ஈரானில் பெட்ரோகெமிக்கல் தொழிலாளர் 70 பேரிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வில் புரோபயாட்டிக் தயிர் உண்டவர்களும் கேப்சூல் எடுத்தவர்களும் மனநல மதிப்பீட்டில் முன்னேறினார்கள். சாதாரணத் தயிர் உண்ட பிரிவினரிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. ஜப்பானின் டோக்குஷிமாவில் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களுக்கு ஷிரோட்டா வகை நுண்ணுயிர் கலந்த பாலைக் கொடுத்தபோது, தேர்வு நெருங்கும் நாள்களில் உமிழ்நீரில் ஏறும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் உடல் உபாதைகளும் கட்டுப்பட்டன. இவர்கள் யாரும் சும்மா இருந்தவர்கள் அல்லர். தேர்வும் தொழிற்சாலையும் நெருக்கிய மனிதர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில், மனச்சோர்வு மருந்தால் முழுப் பலன் கிடைக்காத 49 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மருந்தோடு 14 வகை நுண்ணுயிர்க் கலவையை எட்டு வாரம் சேர்த்துக் கொடுத்ததில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். இத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஓர் ஆய்வை மட்டும் முன்னிறுத்துவது முறையல்ல.

கடற்காகம்:

இருவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் ஆய்வு மாணவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் அழுத்தத்திற்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதை 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜே.பி.-1 என்ற நுண்ணுயிர் எலிகளின் பதற்றத்தைத் தணிப்பதையும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்துவிட்டால் அந்த விளைவு மறைவதையும் 2011-இல் அயர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தச் செய்தியைத்தான் விளம்பரங்கள் இன்றுவரை தூக்கிப் பிடிக்கின்றன. ஆனால் அதே ஜே.பி.-1 நுண்ணுயிரை நலமான ஆண்கள் 29 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்திலும் மனநிலையிலும் வெற்று மாத்திரையைவிட அது எவ்வகையிலும் மேலாக இல்லை. எலியிடம் கண்ட பலன் மனிதரிடம் காணப்படவில்லை என்பதை அந்தக் குழுவினரே வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாம்பிறை ஐயா அடுக்கிய சான்றுகளுக்கு வருகிறேன். கர்ப்பிணிகள் ஆய்வின் முதன்மை நோக்கம் குழந்தைகளின் தோல் ஒவ்வாமை. தாய்மாரின் மனநிலையைப் பிறகுதான், அவர்களின் நினைவிலிருந்து கேட்டார்கள். ஈரான் ஆய்வில் ஒவ்வொரு பிரிவும் தன் தொடக்க நிலையோடு ஒப்பிடப்பட்டது. சாதாரணத் தயிர் உண்டவர்களும் அதே திசையில்தான் நகர்ந்தார்கள்; மாற்றம் தற்செயலானதல்ல என்று ஏற்பதற்கான புள்ளியியல் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றுவிட்டார்கள். ஒரு பிரிவு கோட்டைத் தாண்டியது, மற்றொன்று சற்றே தாண்டவில்லை என்பதை வைத்து இரண்டுக்கும் இடையே வேறுபாடு நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கார்ட்டிசால் போன்ற அழுத்த அளவீடுகளும் அந்தத் தொழிலாளர்களிடம் மாறவில்லை. ஜப்பான் ஆய்வில், அந்தப் பாலை விற்கும் யாக்குல்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்களே பங்கேற்றிருக்கிறார்கள். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனாலும் தொடர்பில்லாத வேறொரு குழு அதை மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கிங்ஸ் கல்லூரி ஆய்வு எனக்கும் நம்பிக்கை தருகிறது. ஆயினும் அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்த நோயாளிகள்; இரவுப் பணியால் களைத்தவர்கள் அல்லர்.

அல்லி அவர்களே, அந்தக் கேப்சூலின் அட்டையில் நுண்ணுயிரின் பெயர் முழுமையாக இருக்கிறதா? இனப்பெயருக்குப் பின்னால் எச்.என்.001 என்பதுபோல வரும் எழுத்தும் எண்ணும்தான் அது எந்த வகை என்பதைச் சொல்லும். ஒரு வகையின் பலனை இன்னொரு வகைக்கு எழுதிக்கொள்ள முடியாது.

அல்லி:

பார்த்துவிட்டேன். நான்கு இனப்பெயர்களும் இத்தனை பில்லியன் என்ற கணக்கும் மட்டுமே இருக்கின்றன. எழுத்தும் எண்ணும் எதற்கும் இல்லை. அப்படியானால் மேலே பேசிய எந்த ஆய்வையும் இந்தக் கேப்சூலுக்குச் சான்றாகக் காட்ட இயலாது.

இன்னொன்றும் உண்டு. உயிருள்ள நுண்ணுயிர் என்பது எங்கள் பிரிவில் சாதாரணப் பொருள் அன்று. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் இரத்தத்தில், அவர்களுக்குக் கொடுத்த புரோபயாட்டிக்கில் இருந்த நுண்ணுயிரே புகுந்திருந்தது மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. மைய இரத்தக்குழாய் வழியே மருந்து ஏறும் நோயாளியின் அருகில் ஈஸ்ட் வகைப் புரோபயாட்டிக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. கேப்சூலைப் பணியறையில் வைத்து விநியோகிக்கப் போகிறவர்கள் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நெல்லிக்கனி:

நான் மென்பொருள் துறையில் அமெரிக்க நேரத்திற்கு வேலை செய்கிறேன். சில மாதங்கள் புரோபயாட்டிக் எடுத்தேன். வயிற்று உப்புசம் குறைந்தது, மனமும் இலேசானது. அதை மாயை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஒரே ஐயம்: வீட்டுத் தயிர் போதாதா?

கடற்காகம்:

மாயை என்று நான் சொல்லவில்லை, நெல்லிக்கனி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், எரிச்சல் குடல் நோயோடு மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 44 பேரில் பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் நுண்ணுயிரின் ஒரு வகையை ஆறு வாரம் கொடுத்ததில், மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது, பதற்றம் குறையவில்லை. இரவுப் பணியில் உணவு நேரம் தவறி வயிறு கெட்டவர்களுக்கு இது பொருந்தக்கூடும். என் பார்வையில், அடுத்து நடக்க வேண்டிய ஆய்வு அவர்களிடம்தான்.

தயிரைப் பற்றி: உறைமோர் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால் அதில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று யாரும் உறுதி கூற முடியாது. நல்ல உணவு, தாராளமாக உண்ணுங்கள். மனச்சோர்வுக்கு மருந்தாக மட்டும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாம்பிறை:

அட்டையில் வகைப்பெயர் இல்லாத பொருளை வாங்கியது தவறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் என் அடிப்படைக் கருத்து மாறவில்லை. ஆள் பற்றாக்குறை தீர ஆண்டுகள் ஆகும். அதுவரை இன்றிரவு பணிக்குப் போகும் பெண்ணுக்கு, நலமானவர்களுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத, மலிவான ஒன்று ஓரளவாவது உதவக்கூடும் என்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்? விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அல்லி:

விரும்பியவர்கள் எடுத்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை, ஐயா. கையெழுத்து வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். நாளை யாராவது பணிச்சுமை தாங்கவில்லை என்று முறையிட்டால், உங்களுக்குத்தான் மன நலத் திட்டம் நடத்தினோமே என்று அந்தத் தாளைக் காட்டுவார்கள். பணிச்சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்றும், அது நோய் அன்று, தொழில்சார்ந்த நிகழ்வு என்றும் உலக சுகாதார நிறுவனமே தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியிருக்கிறது. அழுத்தம் பணியிடத்தில் பிறக்கும்போது செவிலியரின் குடலைத் திருத்தப் புறப்படுவது பொறுப்பைக் கைமாற்றுவதாகும். ஆண்டுகள் ஆகும் என்கிறீர்கள். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் ஒருவருக்கே பணி போடாமல் இருக்கவும், நடுநிசியில் அரைமணி நேரம் உட்கார்ந்து உண்ண மாற்றாள் அனுப்பவும் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

மூன்றாம்பிறை:

அந்த இரண்டு கோரிக்கைகளையும் நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். இருந்தாலும் கேப்சூலை அவற்றுக்கு எதிராக நிறுத்த வேண்டாம் என்பதே என் நிலை. உங்கள் மருத்துவமனையிலேயே பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தால் நமக்கே விடை தெரிந்துவிடுமே.

கடற்காகம்:

அதை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் இல்லாமல் செய்ய முடியாது, ஐயா. விளைவை அளப்பவர் நிர்வாகத்தைச் சாராதவராகவும், மறுப்பவர்களின் பெயர் மேலதிகாரிக்குத் தெரியாதபடியும் இருக்க வேண்டும். நிர்வாகம் இதற்கு ஒப்புக்கொண்டால் திட்ட வரைவை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

அல்லி:

வெள்ளிக்கிழமை செவிலியர் கூட்டம் இருக்கிறது. கையெழுத்துத் தாளைத் திரும்பப் பெறுதல், நுண்ணுயிரின் முழுப் பெயரை அறிவித்தல், கேப்சூலை நோயாளிகள் இருக்கும் இடத்தில் பிரிக்கத் தடை விதித்தல், இரவுப் பணி வரம்பு, உணவு இடைவேளை ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கிறேன். நிர்வாகத்தின் பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.