ஃபீட் ரீடர் பயன்படுத்துகிறீர்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திரியைத் தொடங்கியவர்:

ஃபீட் ரீடரை, அதாவது பல தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் கருவியை, இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். விட்டுவிட்டவர்களும் இருப்பீர்கள். இரண்டு தரப்பும் எழுதுங்கள். முதலில் என் கதை.

எனக்கு இந்தப் பழக்கம் தமிழ்மணத்தில் தொற்றியது. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய திரட்டி அது. காலையில் ஒரு பார்வை பார்த்தால், தமிழில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். புதிய பதிவு மேலே வரும், பழையது கீழே இறங்கும். நாம் பார்க்காவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பதிவர்கள் பெருகிய பிறகு கூகுள் ரீடருக்கு மாறினேன். 2005 அக்டோபரில் வந்தது அது.

கணக்கு கேட்கிற வேலை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளை ரீடருக்குக் கொடுக்கும் வரிசையைத்தான் ஓடை (ஃபீட்) என்கிறேன். இடப்பக்கம் ஓடைகளின் பட்டியல், படிக்காதவை இருக்கும் ஓடையின் பெயர் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் எண். ஆயிரத்தைத் தாண்டினால் '1000+' என்று காட்டும். அதற்கு மேல் எண்ணிப் பயனில்லை என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது! மற்றபடி அதன் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஜே தட்டினால் அடுத்தது, கே தட்டினால் முந்தையது, எஸ் தட்டினால் நட்சத்திரம். மவுஸைத் தொடாமலே ஒரு காலைப்பொழுதைக் கடத்திவிடலாம்.

இந்த எண் மின்னஞ்சலிலிருந்து வந்தது என்பது என் கட்சி. மின்னஞ்சலில் அதற்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். வலைப்பதிவு எழுதியவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் படிக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. ஆனாலும் நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து ரீடரைத் திறந்தால் கடன்காரன் வாசலில் உட்கார்ந்திருப்பது போல அந்த எண் உட்கார்ந்திருக்கும். பலர் ரீடரை விட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதிகம் வருவதைத் தாங்கிக்கொள்ளலாம், அதை எண்ணிக் காட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்தது அடுக்குகிற முறை. அரசியல், சினிமா, இலக்கியம், வரலாறு என்று பொருள்வாரியாக ஃபோல்டர் போடுவதுதான் வழக்கம். பார்க்க அழகாக இருக்கும், பயன்படாது. என் 'வரலாறு' ஃபோல்டரில் ஒரு செய்தித் தளத்தின் வரலாற்றுப் பகுதியும் இருந்தது, கல்வெட்டுகள் பற்றி எழுதும் ஒருவரின் வலைப்பதிவும் இருந்தது. செய்தித் தளம் தினம் ஏழெட்டுத் துணுக்குகளைத் தள்ளும். கல்வெட்டுக்காரர் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ எழுதுவார். ஆனால் ஒவ்வொன்றும் ஏரிக்கரைக்கே போய், மதகுத் தூணில் இருக்கும் எழுத்தைச் சுண்ணாம்பு தடவாமல் ஈரத்துணியால் மட்டும் துடைத்துப் படித்து, எந்த வரி சிதைந்திருக்கிறது என்பதுவரை குறித்து எழுதியது. பட்டியலில் அந்தத் துணுக்குக்கும் ஒரு வரி, இந்தக் கட்டுரைக்கும் ஒரு வரி. கட்டுரை அடியில் போய்விடும்.

இப்போது பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேகத்தை வைத்து அடுக்கியிருக்கிறேன். 'அரிதாக', 'வாரம்', 'தினம்'. அவ்வளவுதான். அரிதாக எழுதுபவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன், ஏனென்றால் அங்கே பெரும்பாலான நாள் ஒன்றும் இருக்காது, இருந்தால் விஷயம் இருக்கும். 'தினம்' ஃபோல்டரைப் பேருந்துக்கு நிற்கும்போது திறப்பேன். மூடும்போது மிச்சத்தைப் பார்க்காமலே 'படித்ததாகக் குறி'. கூகுள் ரீடரில் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் 'ஒரு நாளுக்கு மேல் பழையவை', 'ஒரு வாரத்துக்கு மேல் பழையவை' என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதை வடிவமைத்தவருக்கு வாசகர் மனசு தெரிந்திருக்கிறது.

நாளிதழ்களை ரீடரிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டேன். நாளிதழில் எதை முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்தில் போடுவது, எதை ஏழாம் பக்கத்து மூலையில் போடுவது என்று ஓர் ஆசிரியர் முடிவு செய்கிறார். நாம் படிப்பதில் பாதி அந்த முடிவைத்தான். ஓடையில் அது காணாமல் போய்விடுகிறது. தங்கம் விலை, அணை நீர்மட்டம், நடிகரின் பிறந்தநாள், பட்ஜெட் எல்லாம் ஒரே அளவு எழுத்தில் ஒரே ஒரு வரி.

ஃப்ரெய்டிகேட் என்று ஒரு கருவி 2019-ல் வந்தது. அதில் படிக்காதவை எண்ணிக்கையே கிடையாது. ஒவ்வொருவரையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க விரும்புகிறோம் என்று நாமே சொல்லிச் சேர்க்க வேண்டும். எனக்குப் பிடித்த யோசனை. உங்களுக்கு எப்படி?

மருத்துவ முதுகலை மாணவி, மதுரை:

அண்ணா, வலைப்பதிவு படிக்க எனக்கு நேரமில்லை. நான் ரீடர் வைத்திருப்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்துக்காக மட்டும். அதில் தேடல் பெட்டிக்குக் கீழேயே ஆர்எஸ்எஸ் ஓடை உருவாக்கும் பொத்தான் இருக்கிறது. எதைத் தேடினோமோ அதையே ஓடையாக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் அந்தத் தேடலுக்குள் வரும் புதிய கட்டுரைகள் தாமாகவே ரீடருக்கு வந்து சேரும்.

நீங்கள் வந்தபிறகு எப்படி அடுக்குவது என்று சொல்கிறீர்கள். எங்கள் துறையில் வருவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். 'டெங்கு' என்று மட்டும் போட்டு ஓடை எடுத்தால் வெளுத்து வாங்கிவிடும். கொசுவின் மரபணுவிலிருந்து தடுப்பூசிப் பொருளாதாரம் வரை எல்லாம் வரும். அதையே தலைப்பில் 'டெங்கு', கூடவே 'குழந்தைகள்', கட்டுரை வகை 'மருத்துவச் சோதனை' என்று இறுக்கினால் சொட்டுச் சொட்டாக வரும். சொட்டுவதை உட்கார்ந்து படிக்க முடிகிறது. ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து. புதிய கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் உடனே பொருட்சொல் (கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்) போட்டிருக்காது என்பதால், பொருட்சொல்லை மட்டும் நம்பித் தேடினால் சுடச்சுட வந்தது தவறிவிடும். தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இதே தேடலை மின்னஞ்சலாகவும் அனுப்பச் சொல்லலாம். அனுப்பினால் அது டூட்டி ரோஸ்டருக்கும் துறைச் சுற்றறிக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். படிக்கிற விஷயத்துக்கு வேறு ஒரு கதவு இருப்பதுதான் எனக்கு ரீடரால் கிடைத்த லாபம்.

ஒரு தொல்லை: மருத்துவ இதழ்களின் சொந்த ஓடைகளில் ஒரே கட்டுரை இரண்டு முறை வரும். அச்சுக்கு முன் ஆன்லைனில் வந்தபோது ஒருமுறை, இதழில் சேர்ந்தபோது இன்னொரு முறை. திருத்த அறிவிப்பும் ஆசிரியருக்குக் கடிதமும் ஆய்வுக் கட்டுரை மாதிரியே வரிசையில் நிற்கும்.

வங்கி ஊழியர், திருச்சி:

எனக்குப் பார்வை கிடையாது. கணினியை என்விடிஏ திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுத்தான் இயக்குகிறேன். எனக்கு ஃபீட் ரீடர் வெறும் வசதி இல்லை, செய்தி படிக்க உள்ள நேரான பாதையே அதுதான்.

ஒரு செய்திப் பக்கத்தை அப்படியே திறந்தால் என்ன கேட்கும் தெரியுமா? மெனு முழுக்க, மாவட்டப் பெயர்கள் முழுக்க, பெயரே வைக்காத விளம்பரப் படங்கள், 'இதையும் படிக்க', அப்புறம் ஒரு வீடியோ தானாகவே ஓட ஆரம்பித்து திரைவாசிப்பான் பேசுவதை அமுக்கிவிடும். செய்தியின் முதல் வரிக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். ரீடரில் தலைப்பு, எண்டர், செய்தி. முடிந்தது.

ஆனால் தொடங்கியவர் புகழ்ந்த அந்த ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் எங்களுக்குச் சங்கடம். என்விடிஏவுக்கும் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் உண்டு. கே தட்டினால் அடுத்த இணைப்புக்குப் போகும், எஸ் தட்டினால் அடுத்த பிரிகோட்டுக்கு, வி தட்டினால் ஏற்கெனவே போய்வந்த இணைப்புக்கு. முந்தைய பதிவுக்குப் போகலாம் என்று கே தட்டினால் எங்கேயோ ஒரு இணைப்பில் போய் நிற்பேன். என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் தட்டி முறையை மாற்றினால் ரீடரின் குறுக்குவழி வேலை செய்யும், ஆனால் அந்த முறையில் கட்டுரையை வரிவரியாக அம்புக்குறியில் கேட்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே வெளியே, உள்ளே வெளியே. ஜே, கே வைத்தவர்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் நான் தண்டர்பேர்டுக்குப் போய்விட்டேன். அது மின்னஞ்சல் மென்பொருள், ஆனால் ஓடைகளையும் ஃபோல்டர்களாகச் சேர்த்துக்கொள்ளும். அலுவலகக் கடிதத்துக்குப் பழகிய அதே விசைகள்தான் இதற்கும். மன்னிக்கவும், நீங்கள் குறை சொன்ன அந்த மின்னஞ்சல் வடிவம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. எண்ணும் என்னை உறுத்துவதில்லை. உங்களுக்கு அது திரை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த ஃபோல்டருக்குப் போனால் மட்டும் ஒருமுறை காதில் விழும். உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, முழுக் கட்டுரையையும் ஓடையில் கொடுக்க வேண்டும். இரண்டு வரி கொடுத்துவிட்டு 'மேலும் படிக்க' என்று வைத்தால், தப்பித்து வந்த அதே விளம்பரக் காட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். இன்னொன்று, தலைப்பில் விஷயம் இருக்க வேண்டும். 'இப்படி ஒரு சம்பவமா? அதிர்ச்சியில் மக்கள்' என்பதைக் கேட்டு நான் என்ன முடிவெடுப்பது? நாற்பது தலைப்பும் 'பிரேக்கிங்' என்று தொடங்கினால் நாற்பது முறை பிரேக்கிங்தான் கேட்கும். நீங்கள் கண்ணால் தாவிவிடுவீர்கள், எனக்குக் காது தாவாது. இப்போதெல்லாம் தலைப்பு ஒழுங்காக வைக்கும் தளங்களை மட்டும்தான் சேர்க்கிறேன். ஒழுங்காகத் தலைப்பு வைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளேயும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்பது உபரி வரவு.

பழைய பதிவர், சென்னை:

நான் விட்டுவிட்ட கோஷ்டி. 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடரை மூடினார்களே, அதோடு சரி. என் ஓடைகளின் பட்டியலைச் சேமித்த ஓபிஎம்எல் கோப்பு மட்டும் வட்டில் கிடந்தது. போன வருடம் எடுத்து ஒரு ரீடரில் ஏற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் முகவரி இல்லை என்று வந்தது. சிலது சூதாட்டத் தளமாக மாறியிருந்தது.

உண்மையில் எனக்கு ரீடர் போனது மூடிய அன்று இல்லை. அதில் நண்பர்கள் தாங்கள் படித்ததில் பிடித்ததைப் பகிரும் வசதி ஒன்று இருந்தது. 2011 கடைசியில் கூகுள் பிளஸ் என்ற தங்கள் சமூக வலைத்தளத்துக்காக அதை எடுத்துவிட்டார்கள். என் வடிகட்டி அந்த நாலைந்து பேர்தான். அவர்கள் பகிர்ந்ததைப் படித்தால் போதும், என் சொந்த ஓடைகளைத் திறக்கவே தேவைப்படாது. ஃபோல்டரை எப்படி அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது. இப்போது அதே ஆட்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், ஆனால் அங்கே பகிர்வது வேறு மாதிரி.

இணைய வேலை பார்ப்பவன்:

பழைய பதிவுகள் திடீரென்று எல்லாம் புதிதாக வந்து கொட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளக் குறியீடு இருக்கும். ரீடர் அதை வைத்துத்தான் இது படித்தது, இது புதிது என்று பிரிக்கும். பல தளங்களில் பதிவின் முகவரியையே குறியீடாகக் கொடுத்திருப்பார்கள். தளத்தின் முகவரியை எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும்போதோ பெயர் மாற்றும்போதோ குறியீடும் மாறினால், ஓடையில் உள்ள அத்தனையும் ரீடருக்குப் புதுசு. உங்கள் ரீடர் கெட்டுப்போகவில்லை, ஒருமுறை படித்ததாகக் குறித்துவிடுங்கள், சரியாகிவிடும்.

ஓடையே இல்லை என்று நினைக்கும் பல தளங்களிலும் அது இருக்கிறது, காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஃபயர்பாக்ஸ் உலாவிகூட 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்போடு ஓடை வசதியை எடுத்துவிட்டது. தளத்தின் முகப்பு முகவரியை அப்படியே ரீடரில் ஒட்டுங்கள், பெரும்பாலும் அதுவே தேடிக் கண்டுபிடித்துவிடும். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தாலே போதும். யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டு. பரிந்துரைகளின் தொல்லை இல்லாமல் சந்தா போட்ட சேனல்களை மட்டும் பார்க்க அது நல்ல வழி.

திரியைத் தொடங்கியவர்:

திருச்சி நண்பர் சொன்ன பிறகு எண்ணைப் பற்றிய என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். அது நாம் கேட்கும்போது வந்தால் தகவல், கேட்காமலே கண்ணெதிரில் நின்றால்தான் தொல்லை. பல ரீடர்களில் அதை மறைக்க அமைப்பு இருக்கிறது, ஆனால் மூன்றாவது நான்காவது பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

மதுரைத் தங்கைக்கு: இரட்டையாக வருவதை நீக்கும் வசதி சில ரீடர்களில் உண்டு, ஆனால் தலைப்போ முகவரியோ அச்சாக ஒத்துப்போனால்தான் பிடிக்கும். இதழ் ஓடையில் அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர் சொன்ன பகிர்வு வசதிக்கு என்னிடம் மாற்று இல்லை. கைபேசியில் புதிதாகத் தொடங்க எது நல்லது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்று ஒரு செயலி இருக்கிறது. திறமூல மென்பொருள், கணக்குத் தொடங்கச் சொல்லாது. ஐபோன், மேக் என்றால் நெட்நியூஸ்வயர், அதுவும் இலவசம். சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் இரண்டையும் பார்க்கலாம். மினிஃப்ளக்ஸில் அலங்காரம் ஒன்றும் இருக்காது, எனக்கு அதுதான் பிடித்தது. எதை எடுத்தாலும் ஓபிஎம்எல் ஏற்றுமதி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.