பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்: கை வைக்க முதல் தட்டிப் பாருங்கோ

வாவிக்கரை (புளியந்தீவு, மட்டக்களப்பு):

எங்கட வீடு மனிசியின் அம்மப்பா கட்டினது. மாடிக் கக்கூஸிலிருந்து இறங்கிற பைப் முழுக்க வார்ப்பிரும்பு. 1978 சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தும் அசையாமல் நின்ற பைப். போன மாரியில குசினிச் சுவரோரம் நாத்தம் தொடங்கி, பூச்சும் ஊறி உதிர்ந்துது. முதல் வந்தவர் வெளியில தெரிஞ்ச வெடிப்புக்கு எபொக்சிப் பசை அப்பிட்டுப் போனார். மழை விட முதலே திரும்பவும் கசிவு.

பிறகு ஆரையம்பதியிலிருந்து வயசான குழாய்வேலை பாஸ் ஒருவர் வந்தார். சின்னச் சுத்தியலால மேலிருந்து தட்டித் தட்டிக் கீழ இறங்கினார். மேல கணீர் எண்ட சத்தம். நிலத்துக்குள்ள திரும்பிற வளைவுக்குக் கிட்ட வந்ததும் சத்தம் செத்துப் போச்சு. "கேட்டுதா மனே, இஞ்சதான் வருத்தம்" எண்டு சொல்லி கத்தி நுனியால சுரண்டினார். பென்சில் கரி மாதிரி கறுப்பாகக் கொட்டுண்டுது.

வார்ப்பிரும்புக்குள்ள கிராபைட் (பென்சில் கரி) கலந்திருக்கு. உப்பு ஈரம் விடாமல் பட்டால் இரும்பு கரைஞ்சு போக, கிராபைட்டும் துருவும் பழைய உருவத்திலேயே நிற்கும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கட மண்ணில இதை எதிர்பார்க்கத்தான் வேணும். அந்த இடத்தில எதைப் பூசினாலும் பிடிக்காது. படுக்கையாகப் போற குழாயின்ட முதுகையும் சுரண்டிப் பாருங்கோ. கழிவிலிருந்து எழும்பிற ஐதரசன் சல்பைட்டு அங்க ஈரத்தோட சேர்ந்து கந்தக அமிலமாகி அரிக்கும்.

செங்குத்துக் குழாயை அப்படியே விட்டம். வளைவிலிருந்து மலக்குழி வரைக்கும் 110 மில்லிமீற்றர் பிவிசி போட்டம். வெட்ட முதல் மேல் குழாயைச் சுவரோட இரும்புப் பட்டியால இறுக்கிக் கட்டினார் பாஸ். 4 அங்குலக் குழாய் 10 அடி நீளம் 30 கிலோவுக்கு மேல வரும். கீழ வெட்டினால் முழுப் பாரமும் தலையில இறங்கும். இரும்பும் பிவிசியும் சேருற இடத்துக்கு ரப்பர் கப்ளிங்கும் (இணைப்பு உறை) ஸ்டெயின்லெஸ் கிளிப்பும். சீமெந்து வச்சால் வெயிலுக்கும் குளிருக்கும் ரெண்டும் வேற வேற அளவில நீண்டு சுருங்கி வெடிக்கும். பழைய குழாயின்ட வெளி விட்டத்தை அளந்துபோட்டே கப்ளிங் வாங்குங்கோ, அந்தக் காலத்து அளவுகள் ஒண்டுக்கொண்டு ஒத்துவராது. சரிவு 40 அங்குலத்துக்கு 1 அங்குலம்.

கல்முனைத் தம்பி:

அண்ணன், குழாய் மூட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மூட்டுக்குள்ள தார் தோய்ச்ச சணலை அடைச்சு, மேல ஈயத்தை உருக்கி ஊத்தியிருப்பாங்க. எங்கட வீட்டில வந்தவர் அதைக் கழட்ட காஸ் டோர்ச் பிடிக்கப் பார்த்தார். வாப்பா விடவே இல்லை. ஈயப் புகை பிள்ளைகளின்ட மூளையைத் தாக்கும். மூட்டுக்கு வெளியால குழாயை வெட்டி, மூட்டோட சேர்த்தே எடுத்தம்.

வாவிக்கரை:

நல்லாச் செய்தீங்க தம்பி. வெட்டின ஈயத்தை வளவுக்குள்ள புதைக்க விடாதீங்க. எங்கட மணல் தரையில கிணறு எட்டின தூரத்திலதான் இருக்கு. கழிவுக் கசிவு இருந்த வீட்டுக்காரர் கிணத்துத் தண்ணியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லிப் பரிசோதிக்கும் வரைக்கும் கொதிக்க வச்சே குடியுங்கோ.